முகத்தில் தழும்பு உள்ளவர்கள் கூடிப் பேச ஒரு குழு: நம் கடற்கரை ஊர்களில் எப்படித் தொடங்குவது?

நெய்தல் மகள் கேட்டது:

தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரை உள்ள ஊர்களில் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறோம். வீடு வீடாகப் போகும்போது இவர்களைப் பார்க்கிறோம்: அடுப்படித் தீயில் முகம் வெந்த பெண்கள், படகு இஞ்சினிலோ கரிமூட்டத்திலோ தீப்பட்ட ஆண்கள், வாய்ப் புற்றுக்குத் தாடை எடுத்தவர்கள், உதட்டுப் பிளவோடு வளர்ந்த பிள்ளைகள், வெண்புள்ளி உள்ளவர்கள். ஊருக்கு ஒருவர் இருவராவது இருக்கிறார்கள். ஒருவரை இன்னொருவருக்குத் தெரியாது. கொரோனா போன பிறகும் மாஸ்க்கைக் கழற்றாதவர்கள் உண்டு. கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை.

இவர்கள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். ஆறுதல் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். அதே நிலையில் வாழ்கிற இன்னொருவர்தான் பக்கத்தில் இல்லை. ஆட்களை எப்படிக் கூப்பிடுவது? சர்ச் மைக்கிலும் பள்ளிவாசலிலும் அறிவிப்புக் கொடுக்கலாமா? எங்கே, எந்தக் கிழமை வைப்பது? தீக்காயம், புற்றுநோய், வெண்புள்ளி எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைக்கலாமா? முதல் நாள் என்ன பேசுவது? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

கரைவலை:

மைக் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. மைக்கில் சொல்லிக் கூட்டிய கூட்டத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரையும் ஊரே நின்று பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். கூட்டம் என்பது இரண்டாம் கட்டம். முதலில் தழும்புள்ள ஒருவர், தழும்புள்ள இன்னொருவரை அவர் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போய்வந்த பிறகு கூட்டம் தானாகவே சேரும்.

போகிறவரைத் துணையாள் என்று வைத்துக்கொள்வோம். யாரைத் துணையாளாக எடுப்பது என்பதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. நன்றாகப் பேசுகிறார் என்பது மட்டும் போதாது. காயம் பட்டோ கடைசிப் பெரிய அறுவை முடிந்தோ ஒரு வருடமாவது கடந்திருக்க வேண்டும். தன் கதையை உடைந்துபோகாமல் இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும், சொல்லாமல் இருக்கவும் தெரிய வேண்டும். க்ரீம் விற்கிறவர், மதம் மாற்ற நினைக்கிறவர், தன் வழக்குக்குச் சாட்சி சேர்க்கிறவர் கூடாது. முதலில் இரண்டு பெண், இரண்டு ஆண் கிடைத்தால் போதும்.

அமெரிக்காவில் 1977-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் சொசைட்டி, பயிற்சி பெற்ற தீக்காயக்காரர்களை மருத்துவமனைப் படுக்கைக்கே அனுப்புகிறது. பயிற்சி இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. இங்கே சென்னையில் பி.சி.வி.சி. அமைப்பு தீக்காயம் பட்ட பெண்களோடு நெடுநாளாக வேலை செய்கிறது. துணையாட்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் முதலில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்கும், 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கும் தெரியும். அவர்களிடம் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். கேட்பதும் தப்பு, கொடுப்பதும் தப்பு. துணையாளின் போன் நம்பர் மட்டும் எழுதிய சிறு சீட்டுகளை அவர்கள் கையில் கொடுத்து வையுங்கள். விருப்பமுள்ள வீட்டிலிருந்து அழைப்பு வரட்டும். நாளாகும்தான். ஆனாலும் தானே கூப்பிட்டவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்.

வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அவரோடு பேசும்போது மற்றவர் மாமியாரையோ அம்மாவையோ திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வீட்டார் முன்னால் வாய் திறக்காதவர்கள் நிறையப் பேர். நேர் எதிரே உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில், கண் சமமான உயரத்தில் உட்காருங்கள். துணையாள் முகத்தை மூடக் கூடாது. மூடாத முகத்தோடு பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதே அங்கே முதல் பேச்சு. முக்கால் மணி நேரம் போதும். கிளம்புவதற்கு முன் அடுத்த வரவின் நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

"எப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். தீப்பட்ட பெண்களில் பலர் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பின்னால் அடி உதை இருக்கலாம், தானே ஊற்றிக்கொண்ட மண்ணெண்ணெய் இருக்கலாம். அவர் சொல்லுகிற நாளில் கேட்டுக்கொள்ளலாம். "இப்ப எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் பெரும்பாலும் அரிப்பு, தூக்கம், கடைக்குப் போவது, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று சின்ன விஷயமாக வரும். அந்தச் சின்ன விஷயத்தில் கையில் ஏதாவது ஒரு வழியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். "என்னைப் பாரு, எனக்கு இதைவிட மோசம்" என்ற பேச்சு வேண்டாம். "ஆபரேஷன் பண்ணா பழைய முகம் வந்துரும்" என்ற வாக்கும் வேண்டாம், அது வராது. ஆபரேஷனால் கண் மூடும், வாய் திறக்கும், கழுத்து திரும்பும். தோல் பழையபடி ஆகாது.

கூட்டத்துக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். சுகாதார நிலையம், வழிபாட்டு இடம் இரண்டையும் தவிருங்கள். ஒன்று நோயாளி ஆக்கும், மற்றது வேறு மதத்தாரை வெளியே நிறுத்தும். இரண்டு வாசல் உள்ள இடமாக இருந்தால் தாமதமாக வருகிறவரும் நடுவில் எழுந்து போகிறவரும் எல்லார் முன்னாலும் நடக்க வேண்டியதில்லை. அரை வட்டமாக நாற்காலி போடுங்கள், வெளிச்சம் யார் முகத்திலும் நேராக அடிக்க வேண்டாம். போட்டோ கிடையாது, நிதி கொடுத்தவர் கேட்டாலும் கிடையாது. சாப்பிடக் கொடுப்பதில் கவனம்: முறுக்கு, வடை வேண்டாம். வாய் சுருங்கியவரும் தாடை எடுத்தவரும் எல்லார் முன்னும் சிந்திக்கொண்டு சாப்பிட வெட்கப்பட்டு, அடுத்த மாதம் வரமாட்டார்கள். கஞ்சி, கனிந்த வாழைப்பழம், குடிக்க ஸ்ட்ரா, துடைக்க எல்லாருக்கும் ஆளுக்கொரு சிறு துண்டு. எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கும் அது தனி அடையாளமாகத் தெரியாது.

கிழமையைக் கடல்தான் முடிவு செய்யும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றி நாள் கடலுக்குப் போகும். வெள்ளி ஜும்மா, ஞாயிறு பூசை. கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு வேலை நாள்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். எந்த ஊரில் வைக்கிறீர்களோ அந்த ஊர்ப் பெண்களிடமே கேட்டு நாள் குறியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், தொடங்க நல்ல காலம். ஆனால் கத்திரி வெயிலில் தீக்காயத் தோலோடு பகலில் நடக்கவிடாதீர்கள். மாலை நாலரைக்கு மேல் வையுங்கள்.

எல்லாரையும் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். காரணம் வேறு வேறு, ஊர் பார்க்கிற பார்வை ஒன்று. ஆனால் ஆண், பெண் முதல் ஆறு மாதமாவது தனித்தனி. பிள்ளைகள் பெற்றோரோடு தனி. ஆசிட் வீச்சுக்கு ஆளானவரைக் குழுவில் சேர்க்கும் முன், அந்த அறையில் ஆசிட் வீசியவரின் சொந்தக்காரர் யாரும் இருக்கிறாரா என்று பாருங்கள். நம் ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவு.

கீழக்கரை லாத்தா:

கரைவலைத் தம்பி சொன்னது எல்லாம் சரி. முதல் கூட்டத்தில் என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன். வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்குத் துக்கக் கதை சொல்லும் கூட்டமாக அதை ஆக்கிவிடாதீர்கள். ஒருவர் அழ, எல்லாரும் அழ, வீட்டுக்குப் போனபின் மனசு இன்னும் கனமாகும். கையில் வேலை கொடுங்கள். அந்த வேலை: பதில் பழகுவது.

பிரிட்டனில் ஜேம்ஸ் பாட்ரிட்ஜ் என்பவர் 18 வயதில் கார் தீப்பிடித்து முகம் வெந்தவர். 1992-இல் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு கற்றுக்கொடுக்கும் முறை மூன்று அடி: ஒரு வரியில் விளக்கம், ஒரு வரியில் தைரியம், உடனே பேச்சை மாற்றுதல். நம் பேச்சில் அது இப்படி வரும்: "சின்னதுல தீப்பட்டுருச்சு. இப்ப வலியெல்லாம் இல்ல. ஆமா, இன்னைக்கு ஏலத்துல நண்டு என்ன விலை போச்சு?" மூன்றாவது வரி கேள்வியாக இருக்க வேண்டும், அதுவும் எதிராளிக்குப் பதில் தெரிந்த கேள்வியாக. அவர் வாய் அந்தப் பதிலுக்குப் போனவுடன் உங்கள் முகத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். விளக்கம் நீண்டால் அடுத்த கேள்வி வரும், அதனால் ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. யாருக்கும் முழுக் கதை சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை நீங்கள்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் கேட்பவர், ஒருவர் சொல்பவர். மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதல் தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். இரண்டாவது ரேஷன் கடை வரிசை. மூன்றாவது கடினமானது: கல்யாண வீட்டில் "அய்யோ, எவ்வளவு லட்சணமா இருந்த புள்ள" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் பெரியம்மா. அவரை வெட்டிப் பேச முடியாது. "இருக்கேன் பெரியம்மா, நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா, பந்திக்குப் போவோமா?" என்று அவர் கையை நீங்கள் பிடித்து எழுப்பிவிட வேண்டும். இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகாமல் போனால் அந்த நேரத்தில் வாய் வராது. மனசுக்குள் பழகுவது போதாது.

பேசாமல் வெறிக்கிறவருக்கு வேறு வழி. கண்ணைப் பார்த்து, லேசாகத் தலையசைத்து, பார்வையை எடுக்காமல் இரண்டு மூச்சு. பெரும்பாலானவர் தானே திரும்பிக்கொள்வார். அப்போதும் பார்த்தால் "என்னங்க, எதுவும் கேக்கணுமா?" என்று சாதாரணக் குரலில் கேட்கலாம். குரல் உயர்ந்தால் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், அதனால்தான் சாதாரணக் குரல். சின்னப் பிள்ளை கேட்டால் தாயை அதட்டவிடாதீர்கள். "நெருப்பு சுட்டுருச்சு, ஆறிருச்சு" என்றால் பிள்ளைக்குப் போதும். பிள்ளைகள் நேராகக் கேட்டு நேராக மறந்துவிடுவார்கள்.

வெளியே போவதைப் படிப்படியாக வையுங்கள். திண்ணை, தெருமுனைக் கடை, ராமநாதபுரம் பஸ், அதன் பிறகு கல்யாண வீடு. ஒவ்வொரு படியிலும் ஒரு விதி: படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடக் கூடாது. அது கொஞ்சம் இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். உச்சத்தில் ஓடினால் "ஓடினதாலதான் தப்பிச்சேன்" என்று மனசு கணக்குப் போட்டுவிடும், அடுத்த தடவை அந்தக் கடை இன்னும் தூரமாகத் தெரியும். முதல் இரண்டு தடவை துணையாள் கூடப் போகட்டும். மூன்றாவது தடவை பத்தடி தள்ளி நிற்கட்டும்.

மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அது அவர் கையில் இருக்கிற ஒரு கருவி. எந்த இடத்தில் கழற்றுவது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் ஊர்ப் பக்கம் முகத்திரை போடும் பெண்களைப் பார்த்து, தழும்பை மறைக்கத்தான் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டவும் வேண்டாம். காயம் படும் முன்பும் போட்டவர்கள்தான் அவர்கள். திரைக்குள் இருப்பவருக்கு வருத்தம் வேறிடத்தில் இருக்கும்: பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் திரையை எடுக்கும் அந்த முதல் நிமிடம். அந்த நிமிடத்தைப் பழக உங்கள் கூட்டம்தான் நல்ல இடம்.

மண்டபம் செவிலி:

கூட்டத்தில் தோல் பராமரிப்புக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பேச வராதவர்கூட இதைத் தெரிந்துகொள்ள வருவார்.

தீக்காயத் தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. அதுவரை சிவந்து, தடித்து, அரிக்கும். வாசனை கலக்காத களிம்போ தேங்காய் எண்ணெயோ நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் பலன் இல்லை. விரலை வைத்து அழுத்தினால் தோல் வெளுக்க வேண்டும், அந்த அழுத்தத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். புண் இன்னும் ஆறாத இடத்தைத் தொடாதீர்கள். மருத்துவர் தழும்பின் மேல் ஒட்டச் சிலிக்கோன் பட்டை கொடுத்திருந்தால் நாளுக்கு 12 மணி நேரமாவது போட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் முதல் நாளே அவ்வளவு நேரம் போட்டால் வேர்க்குருவும் சொறியும் வந்து, "ஒத்துக்கல" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்துத் தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். பட்டையையும் தோலையும் தினமும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அளவெடுத்துத் தைத்த அழுத்த முகமூடி என்றால் 23 மணி நேரம் என்று சொல்வார்கள். குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் கழற்றலாம்.

ஒட்டுத்தோல் வைத்த இடத்திலும் ஆழமாக வெந்த இடத்திலும் வேர்வைச் சுரப்பி இருக்காது. அதனால் உடம்பின் சூடு வெளியேறாமல் மயக்கம் வரும். இது சோம்பேறித்தனம் இல்லை என்று வீட்டாருக்கும் வேலை கொடுப்பவருக்கும் விளக்குங்கள். புதுத் தழும்பில் வெயில் பட்டால் கருத்துப்போகும், அந்தக் கருப்பு சீக்கிரம் போகாது. கடல்மேல் வெயில் மேலிருந்தும் வரும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வரும், அதனால் தொப்பி மட்டும் போதாது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பு, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம், கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வாங்க முடியாதவர் நெருக்கமாக நெய்த பருத்தித் துண்டைக் கட்டிக்கொள்ளலாம். பாசி எடுக்கும் பெண்கள் கட்டுகிற கட்டே நல்ல கட்டு.

கண்ணை அலட்சியப்படுத்தாதீர்கள். இமை சுருங்கிக் கண் முழுதாக மூடாதவருக்கு நம் உப்புக்காற்றும் மணலும் கருவிழியைக் கெடுத்துவிடும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, தூங்கும்போது மருத்துவர் எழுதிய கண் களிம்பும் மெல்லிய பிளாஸ்திரியும், வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும், மதுரை அரவிந்த் வரை போவதானாலும் தள்ளிப்போடக் கூடாது. "தழும்பு முதிரட்டும், பிறகு ஆபரேஷன்" என்ற பொது விதி இமைக்குப் பொருந்தாது. கருவிழி ஆபத்தில் இருந்தால் இமை அறுவையை முன்பே செய்வார்கள்.

வாய் திறப்பு: நடு மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிய வேண்டும். அளவில் 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தாடை இறுக்கம். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவருக்கு இந்த இறுக்கம் சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும், அதனால் பயிற்சியை நிறுத்தக் கூடாது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்வரிசைக்கு நடுவே வைத்து, முப்பது விநாடி பிடித்து, ஐந்து தடவை, நாளுக்கு ஐந்து வேளை. சுலபமாகிவிட்டால் ஒரு குச்சி கூட்டுங்கள். வலித்தால் அந்த எண்ணிக்கையிலேயே நில்லுங்கள். பல் ஆடினால் குச்சி வைக்காமல் பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள்.

குழுவில் வந்து சேரும் கெட்ட யோசனைகளைத் துணையாள் அன்றே நிறுத்த வேண்டும். எலுமிச்சை, டூத்பேஸ்ட் வேண்டாம். கடையில் கிடைக்கும் வெள்ளையாக்கும் க்ரீம்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதல் வாரம் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், நிறுத்தினால் எரியும். உறையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று எதைப் பார்த்தாலும் மருத்துவர் சொல்லாமல் முகத்தில் போடாதீர்கள். வெண்புள்ளி தொற்றாது, அது தொழுநோயும் இல்லை. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வருவதும் இல்லை. இந்த ஒரு பேச்சால் மீன்கார வீட்டிலேயே மீன் இல்லாமல் வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. தொழுநோய்க்கு அரசு மாத்திரை இலவசம், 6 அல்லது 12 மாதம். மாத்திரை தொடங்கிய பிறகு அவரிடமிருந்து பரவாது, பக்கத்தில் உட்கார யாரும் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று: பல வருடத்துக்கு முந்திய தீத்தழும்பில் புதிதாகப் புண் வந்து, சில வாரமாகியும் ஆறாமல், விளிம்பு தடித்துக்கொண்டே போனால் அது புற்றாக இருக்கலாம். களிம்பு போட்டுக் காலம் கடத்தாமல் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மனுநாள்:

சான்றிதழ், பணம் பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை உண்டு. ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவரும் தொழுநோயிலிருந்து குணமானவரும் அதில் இருக்கிறார்கள். அடுப்புத் தீயில் முகம் மட்டும் வெந்தவருக்கு அதில் தனி வகை இல்லை. இது பெரிய அநியாயம்தான், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். கழுத்துச் சுருக்கம், கை விரல் ஒட்டிக்கொண்டது, ஒரு கண்ணில் பார்வை குறைந்தது, பேச்சுத் தெளிவில்லாதது ஒவ்வொன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டுச் சேர்த்துக் கணக்கிடச் சொல்ல வேண்டும். முகத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தால் குறைவாகத்தான் போடுவார்கள். 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில், இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். தடங்கல் வந்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அழகுக்கான அறுவை அதில் வராது. அதனால் சர்ஜன் சீட்டில் "முகத் தழும்பு" என்று மட்டும் இருந்தால் நிராகரிக்கலாம். "இமைச் சுருக்கத்தால் கண் மூட இயலவில்லை", "கழுத்துச் சுருக்கத்தால் தலையை நிமிர்த்த இயலவில்லை" என்று உள்ள குறையை உள்ளபடியே எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஆசிட் வீச்சு என்றால் எந்த மருத்துவமனையும், தனியார் ஆனாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு சொல்வது இது. போலீஸ் வரட்டும் என்று காக்கவைக்க முடியாது. இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100.

முகம் மாறியவர்கள் ஆதார் போட்டோவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பாங்கில் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லி, சிமிட்ட முடியாதவரைத் திருப்பி அனுப்பினால், 2025 ஏப்ரல் 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லுங்கள். பிரக்யா பிரசூன் வழக்கு, நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன். கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வைக்க வேண்டும் என்றும், டிஜிட்டல் சேவையை எட்டுவது வாழ்வுரிமையின் பகுதி என்றும் சொன்ன தீர்ப்பு அது. கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கரைவலை:

விட்டுப்போன இரண்டு. ஒரு துணையாள் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. வீடு பார்த்து வந்த இரண்டு நாளுக்குள் குழுவில் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அடுத்தவர் காயத்தைக் கேட்கும்போது சொந்தக் காயம் கிளறும். பஸ் செலவைக் குழு கொடுக்கட்டும்.

அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது, ஒன்றைத் தவிர. "செத்துப் போயிரலாம்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. வழி யோசித்திருக்கிறார் என்றால் தனியே விடாமல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்தி, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி, 14416-க்கு அடியுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவ உதவி எண் 104-உம் உண்டு. நிலைமை மோசமென்றால் 108. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகிறோம் என்று வீட்டார் சொன்னால் தடுக்காதீர்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தவிடாதீர்கள்.

வாட்ஸாப் குழு வைத்தால் முகப் படம் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள். சிகிச்சைக்கு முன், பின் என்ற படங்கள் சிலருக்கு நம்பிக்கை, பலருக்கு இரவெல்லாம் தூக்கம் போகும்.

நெய்தல் மகள்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டு அடிக்கக் கொடுத்துவிடுகிறோம். ஒரு கேள்வி மட்டும். இஞ்சின் சூட்டில் முகமும் முன்கையும் வெந்த ஒருவரைப் பழைய படகில் மறுபடி ஏற்ற மறுக்கிறார்கள். விடியற்காலை கடலுக்குப் போகும்போது "இந்த முகத்துலயா முழிக்கணும்" என்கிறார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. இதைக் குழு எப்படி எடுப்பது?

கரைவலை:

சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், நேராகக் குழுவாகப் போய் நிற்காதீர்கள், பஞ்சாயத்து ஆகிவிடும். அந்தப் படகிலேயே அவருக்கு வேண்டிய ஓர் ஆள் இருப்பார். முதலில் அவரிடம் பேசுங்கள். சகுனம் தப்பு என்று வாதாடினால் தோற்றுப்போவீர்கள். அவர் கை வேலையைப் பற்றிப் பேசுங்கள். கிழிந்த வலையைப் பொத்துகிற வேலை கரையில்தான் நடக்கும், அதில் நாலு நாள் கூட உட்காரட்டும். கூட உட்கார்ந்து வேலை செய்தவனின் முகம் நாலாம் நாள் பழகிவிடும். சகுனம் பேசுவது பெரும்பாலும் தூரத்திலிருந்து பார்ப்பவர்தான். அதோடு லாத்தா சொன்ன மூன்று வரியை அவர் இந்த இடத்துக்கென்றே பழகட்டும்: "இஞ்சின் வேலையில பட்டது. கை நல்லா ஓடுது. இன்னைக்கு எந்தப் பக்கம் போறீங்க?"

ஏறும்போது முதலில் ஒரே நாளில் திரும்பும் நாட்டுப்படகாக இருக்கட்டும். ஒட்டுத்தோல் சூடு தாங்காது, அதனால் இஞ்சின் பக்கம் வேண்டாம், வலைப்பக்கம் நிற்கட்டும். ஒட்டுத்தோலில் உணர்ச்சி குறைவாக இருக்கும். கயிறு உரசிக் கிழிந்தாலும் தெரியாது, முன்கைக்கு முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும்.

மண்டபம் செவிலி:

முகம் கழுவ ஒரு கேன் நல்ல தண்ணீர் தனியாக ஏற்றச் சொல்லுங்கள் அண்ணே. உப்பு காய்ந்த தோலின் மேலேயே எண்ணெய் தேய்த்தால் உப்பு உரசி அரிக்கும், சொறிந்தால் மெல்லிய தோல் பிய்ந்துவிடும். கரை திரும்பியதும் முதலில் கழுவி, ஒற்றி எடுத்து, பிறகு எண்ணெய்.